காட்சியும் காரணமும்

2017ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், கனடாவின் வடகோடியில் உள்ள சாமர்செட் தீவில் ஒரு துருவக் கரடி படம் பிடிக்கப்பட்டது. எலும்பும் தோலுமாக இருந்த அக்கரடி, கால்களை இழுத்து இழுத்து நடந்தது. மனிதர் விட்டுச்சென்ற துருப்பிடித்த பீப்பாய் ஒன்றில் வாயை நுழைத்து இரை தேடியது. பின்னர் ஓய்ந்து தரையில் சாய்ந்தது. அக்காட்சியைப் பதிவு செய்தவர் பால் நிக்லன். உடனிருந்து ஒளிப்படம் எடுத்தவர் கிறிஸ்டினா மிட்டர்மேயர். அவ்வாண்டு டிசம்பரில் 'நேஷனல் ஜியாகிரபிக்' அக்காட்சியை வெளியிட்டபோது, காலநிலை மாற்றத்தின் தோற்றம் இதுவே என்னும் பொருள்பட ஒரு வாசகத்தைத் திரையில் சேர்த்தது. உலகெங்கும் ஏறத்தாழ 250 கோடிப் பேரை அக்காட்சி எட்டியதாக மதிப்பிடப்பட்டது. பார்த்தவர் பலர் கண்ணீர் விட்டனர். வேறு பலர் சினம் கொண்டு, 'இக்கரடி காலநிலை மாற்றத்தால்தான் வாடியது என்பதற்குச் சான்று எங்கே?' என்று வினவினர்.

அவ்வினாவுக்கு விடை இல்லை. அக்கரடி நோயுற்றிருக்கலாம், காயம் பட்டிருக்கலாம், முதுமை எய்தியிருக்கலாம். எவரும் அதனைச் சோதிக்கவில்லை. அடுத்த ஆண்டு மிட்டர்மேயரே, இக்கரடி பட்டினி கிடந்ததற்குக் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று தம்மால் கூற இயலாது என வெளிப்படையாக எழுதினார். ஒரு தனிக் கரடியின் நிலையைக் காலநிலை மாற்றத்துடன் உறுதியாக இணைத்ததில் தான் எல்லை மீறிவிட்டதாக இதழும் ஒப்புக்கொண்டது.

இங்கு ஒன்றைப் பிரித்துப் பார்த்தல் வேண்டும். கரடி மெலிந்திருந்தது உண்மை. ஆர்க்டிக் கடலின் கோடைக்காலப் பனிப்பரப்பு பல்லாண்டுகளாகச் சுருங்கி வருவது உண்மை. பனியின்மேல் நின்று சீல்களை வேட்டையாடும் கரடிகளுக்கு அதனால் இரை அரிதாகிறது என்பதும் உண்மை. இம்மூன்றையும் ஒரே கயிற்றால் கட்டிய அந்த ஒரு வரி மட்டுமே மெய்ப்பிக்கப்படாதது. ஆயினும், பார்த்தவர் நெஞ்சில் முதலில் பதிந்தது அந்த வரியே.

ஆவணப்படம் என்பது நடந்ததை நடந்தவாறே காட்டுவது என்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மை. கேமராவால் 'என்ன நடந்தது' என்பதைக் காட்ட முடியும். 'ஏன் நடந்தது' என்பதைக் காட்ட முடியாது. வெள்ளம் வருவதைக் காட்டலாம். வெள்ளத்தின் காரணத்தைப் படம் பிடிக்க இயலாது. அதனை வருணனைக் குரலும், திரையில் தோன்றும் எழுத்தும், ஒரு காட்சியின் அருகில் மற்றொரு காட்சியை ஒட்டிவைக்கும் படத்தொகுப்புமே கூற வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலன் கையில் சிலம்பு இருந்தது உண்மை. அது அரசியின் சிலம்பை ஒத்திருந்ததும் உண்மை. உள்ளிருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்பதை மட்டும் கண் கூறவில்லை. கண் கூறாததை ஒரு பொற்கொல்லனின் சொல் கூறிற்று. அச்சொல்லை நம்பிய மன்னன் ஆராயாமல் தீர்ப்பளித்தான்.

இயற்கைப் பேரழிவைக் காட்டி மக்களை ஒரு கருத்தின்பால் ஈர்க்கும் முயற்சி புதியதன்று. 1930களில் அமெரிக்காவின் நடுப்பகுதிச் சமவெளிகளில் கொடிய வறட்சியும் புழுதிப் புயலும் ஏற்பட்டன. மண் காற்றோடு பறந்தது. உழவர் குடும்பங்கள் வண்டியில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு ஊரைவிட்டு வெளியேறின. 1936இல் அந்நாட்டு அரசே பணம் கொடுத்து ஓர் ஆவணப்படம் எடுப்பித்தது. பேர் லொரென்ட்ஸ் இயக்கிய அப்படத்தின் பெயரே அதன் வழக்கை எடுத்துரைத்துவிடும்: 'சமவெளியை உடைத்த கலப்பை'. முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியதால், மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்வெளிகளை உழவர் உழுது தள்ளினர். புல் போனதால் மண்ணும் போயிற்று என்பது படத்தின் கூற்று. அதனைக் கூறுவதற்கு அப்படம் நீண்ட விளக்கம் எதையும் தரவில்லை. வயலில் வரிசையாக வரும் டிராக்டர்களைக் காட்டிற்று, உடனே போர்க்களத்தில் வரிசையாக வரும் டாங்கிகளைக் காட்டிற்று, மீண்டும் டிராக்டர்கள். விர்ஜில் தாம்சனின் இசை இரண்டையும் ஒன்றாக்கியது. வயலும் போர்க்களமும் பார்ப்பவர் மனத்தில் கலந்துவிட்டன. ஒரு சொல் இன்றியே குற்றப்பத்திரிகை படிக்கப்பட்டுவிட்டது.

படம் கூறிய காரணம் பொய்யன்று. அளவுக்கு மீறிய உழவு மண்ணைத் தளர்த்தியது உண்மையே. ஆனால், பல ஆண்டுகள் மழை பொய்த்ததும் அதே அளவு உண்மை. தங்கள் நிலத்தைப் பாலைவனமாகவும் தங்களைக் குற்றவாளிகளாகவும் படம் காட்டுகிறது என்று சமவெளி மாநிலங்களைச் சேர்ந்தவர்கள் கொதித்தனர். சில ஆண்டுகளில் அப்படம் திரையிடப்படாமல் நிறுத்தி வைக்கப்பட்டது.

அதே 1936இல், அதே அரசுத் துறைக்காகப் படமெடுத்த ஆர்தர் ராத்ஸ்டீன் என்னும் இளைஞர், தெற்கு டகோட்டாவில் வெடித்துக் கிடந்த நிலத்தில் ஒரு மாட்டின் மண்டையோட்டைக் கண்டார். நிழல் விழும் வகையும் நிலத்தின் தன்மையும் நன்கு அமைய வேண்டும் என்று அதனைச் சில அடி தூரம் நகர்த்தி நகர்த்திப் பல படங்கள் எடுத்தார். அது தேர்தல் ஆண்டு. எதிர்க்கட்சி சார்ந்த செய்தித்தாள்கள் இதனைக் கண்டுபிடித்து, 'வறட்சியே அரசின் கற்பனை' என்று கூறும் அளவிற்குச் சென்றன. வறட்சி கற்பனையன்று, மாடுகள் மடிந்து கொண்டுதான் இருந்தன. ஆனால், சில அடி நகர்ந்த ஒரு மண்டையோடு, நகராத ஆயிரம் உண்மைகளின்மீது ஐயத்தைக் கிளப்பிவிட்டது. சாமர்செட் தீவின் கரடிக்கு நேர்ந்ததும் இதுவே.

இவ்வாறு கூறுவதால், ஆவணப்படங்கள் எவரையும் வயப்படுத்த முயலக்கூடாது என்று கொள்ளுதல் தவறு. இசையும் வருணனையும் இல்லாத படத்தை யார் இறுதிவரை பார்ப்பார்? தொலைவிலிருந்து எடுக்கப்பட்ட விலங்குக் காட்சிகளில் கேட்கும் காலடி ஓசையும் மூச்சொலியும் பெரும்பாலும் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்க்கப்படுபவை. அவற்றால் எவருக்கும் கேடு இல்லை. நல்ல வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகக் குரலை உயர்த்துவதுபோல, படைப்பாளியும் தாம் நம்பும் உண்மைக்காகக் குரலை உயர்த்தலாம். குரலை உயர்த்துவது வேறு. சாட்சியை மாற்றுவது வேறு.

இந்த எல்லையை ஒரு நீதிமன்றமே அளந்து பார்த்த வரலாறும் உண்டு. அமெரிக்காவின் முன்னாள் துணை அதிபர் அல் கோர் தோன்றி விளக்கும் 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' என்னும் படம் 2006இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு சிறந்த ஆவணப்படத்திற்கான ஆஸ்கர் விருதும் பெற்றது. படத்தின் ஓரிடத்தில் காற்றிலுள்ள கரியமில வாயுவின் அளவைக் காட்டும் கோடு திரையின் உச்சிக்கு ஏறுகிறது. எட்டாத அக்கோட்டைத் தொடர்வதற்காகக் கோர் ஒரு தூக்கு மேடையில் ஏறி நின்று மேலே உயர்கிறார். வரைபடத்தின் முன் ஒரு மனிதர் உயர்ந்து செல்லும் அக்காட்சி எண்களை உடலால் உணரச் செய்தது. அது நேர்மையான உத்தி. கோடு ஏறியது மெய்.

இங்கிலாந்து அரசு அப்படத்தை உயர்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அதனை எதிர்த்து ஒருவர் வழக்குத் தொடுத்தார். 2007 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. படத்தின் அடிப்படைக் கருத்து அறிவியலுக்குப் பெரிதும் பொருந்துவதே என்று நீதிபதி கூறினார். எனினும், அறிஞர் பெரும்பான்மையோர் கருத்திலிருந்து விலகிச் செல்லும் ஒன்பது இடங்களையும் சுட்டிக்காட்டினார். அவற்றுள் ஒன்று கடல்மட்டம் பற்றியது. கடல் 20 அடி உயர்ந்தால் கொல்கத்தாவும் வங்கதேசமும் ஷாங்காயும் எவ்வாறு மூழ்கும் என்பதை அப்படம் வண்ண வரைபடங்களில் காட்டுகிறது. எத்தனை காலத்தில் என்பதைக் கூறவில்லை. அவ்வளவு உயர்வுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதே அன்று அறிஞர் கொண்டிருந்த கருத்து. அதே 2007இல் வெளிவந்த பன்னாட்டுக் காலநிலைக் குழுவின் அறிக்கை, நூற்றாண்டின் இறுதிக்குள் 18 முதல் 59 சென்டிமீட்டர் வரை உயர்வு இருக்கலாம் என மதிப்பிட்டது. பின்வந்த அறிக்கைகள் அம்மதிப்பை உயர்த்தியுள்ளன என்பதும் குறிப்பிடத்தக்கது. படத்திற்குத் தடை விதிக்கப்படவில்லை. ஆசிரியருக்கான விளக்கக் குறிப்புடன் அதனைத் திரையிடலாம் என்பதே முடிவாயிற்று. விந்தை என்னவெனில், அதே வாரத்தில்தான் கோருக்கும் அப்பன்னாட்டுக் குழுவுக்கும் அமைதிக்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.

'உறங்குபவரை எழுப்ப உரக்கக் கத்துவதில் என்ன தவறு? சற்று மிகைப்படுத்தினால்தான் உலகம் விழிக்கும்' என்று வாதிடுவோர் உளர். இவ்வாதம் நல்லெண்ணத்திலிருந்து பிறப்பது, ஆயினும் ஏற்கத்தக்கதன்று. மிகையை முதலில் கண்டுபிடிப்பவர் நண்பராக இருப்பதில்லை. எதிர்த்தரப்பினர் ஒரு பிழையை எடுத்துக் காட்டி, மீதமுள்ள அனைத்தையும் அப்பிழையோடு சேர்த்துக் குப்பையில் எறிகின்றனர். மேலும், மிகை ஓர் அணியினருக்கு மட்டும் உரிய ஆயுதமும் அன்று. காலநிலை மாற்றத்திற்கு மனிதர் காரணமல்லர் என்று வாதிட்ட ஒரு படம் 2007இல் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதில் தோன்றிய கடலியல் அறிஞர் ஒருவர், தம் சொற்கள் தாம் கருதிய பொருளுக்கு மாறாக அமையும்படி கோக்கப்பட்டன என்று முறையிட்டார். ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆணையம் அம்முறையீட்டின் ஒரு பகுதியை ஏற்றது. ஒரு பேட்டியில் எந்த வரியை எதன் பின்னால் வைப்பது என்னும் கத்தரிக்கோலின் வேலை, பேசியவரையே அவருக்கு எதிரான சாட்சியாக்கிவிட முடியும்.

எனில், காரணத்தை நேர்மையாகக் காட்டவே இயலாதா? ஓரளவு இயலும்; அதற்குப் பொறுமை வேண்டும். அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஜேம்ஸ் பேலாக், 2007 முதல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்கா முதலிய இடங்களில் பனியாறுகளின் எதிரே பாறைகளில் கேமராக்களைப் பொருத்தினார். பகல் வெளிச்சம் உள்ளவரை குறிப்பிட்ட இடைவெளியில் அவை தாமே படம் எடுத்துக்கொண்டிருக்கும். காற்று அவற்றைப் பெயர்த்தது. கருவிகள் குளிரில் பழுதாயின. அவர் மீண்டும் மீண்டும் சென்று சரிசெய்தார். முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின்னும் பனிமேல் ஏறினார். பல ஆண்டுப் படங்களை வரிசையாக ஓட்டியபோது, ஒருநாள் நின்று பார்ப்பவருக்கு அசைவற்றதாகத் தோன்றும் பனியாறு, உயிருள்ளது போலச் சுருங்கிப் பின்வாங்குவது தெரிந்தது. ஜெஃப் ஓர்லாவ்ஸ்கி இயக்கத்தில் 2012இல் வெளிவந்த 'சேஸிங் ஐஸ்' என்னும் படம் இம்முயற்சியின் வரலாறு.

அப்படத்தில் மிகவும் பேசப்பட்ட காட்சி கிரீன்லாந்தின் இலுலிசாட் பனியாற்றில் எடுக்கப்பட்டது. வாரக்கணக்கில் கூடாரத்தில் காத்திருந்த இரு இளைஞர்கள், 2008 மே மாதத்தில் 75 நிமிடங்கள் தொடர்ந்து பனி உடைந்து கடலில் புரள்வதைப் பதிவு செய்தனர். அளவு விளங்குவதற்காக நியூயார்க்கின் மன்ஹாட்டன் கட்டடங்களைப் பனியின்மேல் பொருத்திக் காட்டுகிறது படம். அதுவும் வயப்படுத்தும் உத்தியே. ஆனால், இது ஒப்பீடு என்பதைப் படம் மறைக்கவில்லை. பனியாற்றின் முனை உடைவது இயற்கையாக நிகழக்கூடியது என்பதையும் கருத வேண்டும். ஆகவே 75 நிமிடக் காட்சி ஒன்று மட்டும் எதையும் மெய்ப்பிக்காது. படம் அதனோடு ஒரு கணக்கையும் வைக்கிறது: இருபதாம் நூற்றாண்டின் நூறு ஆண்டுகளில் அப்பனியாறு பின்வாங்கிய தூரம் 8 மைல், அதன்பின் பத்தே ஆண்டுகளில் பின்வாங்கியது 9 மைல். காட்சி கண்ணைத் திறக்கிறது. கணக்கு வழக்கை நடத்துகிறது. இதே பனியாறு 2016க்குப் பின் சில ஆண்டுகள் சற்று முன்னேறி வளரவும் செய்தது. அருகிலுள்ள கடல்நீர் குளிர்ந்ததே அதற்குக் காரணம் என்று அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் அறிஞர்கள் விளக்கினர். பல்லாண்டுப் பதிவை நம்பும் முறைக்கு இத்தகைய செய்தியால் அச்சமில்லை. ஒற்றைக் காட்சியை நம்பும் முறைக்கே அச்சம்.

இச்செய்திகள் யாவும் தொலைதூரத்துப் பனியைப் பற்றியவை என்று ஒதுக்கிவிட இயலாது. 2015 டிசம்பர் முதல் வாரத்தில், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, சென்னையில் இருந்த தாத்தா பாட்டியின் தொலைபேசி ஒலிக்காதா என்று காத்திருந்தன. டிசம்பர் 1ஆம் நாள் தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் சுமார் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாறு கரைபுரண்டது. சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் வீடுகள் மூழ்கின. விமானங்கள் நீரில் நின்றன. 1878இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ், சென்னையில் முதல்முறையாக அச்சாகாமல் நின்றது. காட்சிகளுக்குக் குறைவே இல்லை.

காரணம்? நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் வழக்கமாகக் கையாளும் ஒரு தொடர் உண்டு: 'இயற்கையின் சீற்றம்'. அழகிய தொடர்தான், ஆனால் அதற்குள்ளேயே ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. சீறியது இயற்கை என்றால், கணக்குக் கேட்பது யாரிடம்? 'காலநிலை மாற்றம்' என்னும் சொல்லும் சில வேளைகளில் இதே வேலையைச் செய்கிறது. புவி வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். எனவே பெருமழைகள் பொதுவாக மிகும் என்பது உறுதியான அறிவியல். ஒரு குறிப்பிட்ட மழைக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதை அறியத் தனிக் கணக்கு வேண்டும். புவி வெப்பமடையாதிருந்தால் இம்மழைக்கு எவ்வளவு வாய்ப்பு இருந்திருக்கும், வெப்பமடைந்ததால் எவ்வளவு வாய்ப்பு என்று கணினி மாதிரிகளைக் கொண்டு ஒப்பிட வேண்டும். சென்னை மழையை அவ்வாறு ஆராய்ந்த பன்னாட்டுக் குழு ஒன்று, புவி வெப்பத்தின் தெளிவான சுவட்டைக் காணவில்லை என்று 2016இல் எழுதியது. கடல் வெப்பம் மழையை மிகுவித்தது என்ற ஆய்வும் வேறு அறிஞரிடமிருந்து வந்தது. ஆக, மழைக்கான காரணமே இன்னும் ஆராய்ச்சிக்குரியது.

மழை பெய்ததும் வெள்ளம் ஏற்பட்டதும் ஒன்றல்ல. நீரைத் தேக்கி மெல்ல விடுவிக்கும் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பெரும்பகுதி பல பத்தாண்டுகளில் கட்டடங்களுக்கும் குப்பைக்கும் இரையாகியிருந்தது. ஏரிகள் சுருங்கியிருந்தன, வாய்க்கால்கள் அடைபட்டிருந்தன. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. 2018இல் தமிழகச் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியக் கணக்காய்வுத் தலைவரின் அறிக்கை, இதனை மனிதரால் விளைந்த பேரழிவு என்றே குறிப்பிட்டது. வரலாறு காணாத மழையே காரணம் என்பது அரசுத் தரப்பு வாதம்.

காரணம் எது என்பதைப் பொறுத்தே தீர்வும் அமையும். வானமே காரணம் எனில், படகும் நிவாரணப் பொட்டலமும் போதும். உலகக் காலநிலை மட்டுமே காரணம் எனில், ஏதோ ஓர் அயல்நாட்டு மாநாடு முடிவு செய்யும்வரை சென்னை காத்திருக்க வேண்டும். ஏரியும் சதுப்புநிலமும் மதகும் காரணங்களுள் அடங்கும் எனில், அடுத்த மழைக்கு முன் உள்ளூரிலேயே செய்ய வேண்டிய வேலை நிறைய உண்டு. பதில் கூற வேண்டியவர்களும் உண்டு. வெள்ளத்தைப் பற்றி எடுக்கப்படும் எந்தப் படமும், எந்த இசையை ஒலிக்க விட்டாலும், இம்மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே செல்கிறது.

பறக்கும் ட்ரோனின் கண்ணுக்குச் சதுப்புநிலத்தின் இழப்பு தெரியாது. அங்கு இப்போது தெரிவது வெறும் அடுக்குமாடிகள். அதனைக் காட்ட விரும்பும் படைப்பாளி, பழைய நில அளவை வரைபடத்தையும் இன்றைய செயற்கைக்கோள் படத்தையும் அருகருகே வைத்தாக வேண்டும். கரைபுரளும் ஆற்றைப் போல அது பார்ப்பவரைத் திடுக்கிட வைக்காது. டிசம்பர் முதல் நாள் இரவில் மதகுகள் எப்போது, எவ்வளவு திறக்கப்பட்டன என்பதோ அதனினும் கடினம். அதனை அறியப் பொதுப்பணித் துறையின் பதிவேட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.